பிளஸ்-மைனஸ் பொத்தானா, மனுவலா, றோவா? யாழ்ப்பாண வெயிலுக்கு எது தோது

சித்தப்பாவின் மகன் சென்ற கிழமை ஒரு மெமரி கார்டோடு வீட்டுக்கு வந்தான். பாவித்த கமரா ஒன்றை வாங்கி ஆறு மாதம் ஆகிறது. அதற்குள் நண்பனின் தங்கையுடைய சாமத்திய வீட்டுக்குப் படம் எடுக்கப் போயிருக்கிறான். கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். தாய்மாமனின் பட்டு வேட்டி அடுப்படித் துணி போல மங்கிப்போயிருந்தது. பந்தல் வாசலில், வெளியே வெயில் கொளுத்தும்போது எடுத்த படங்களில் ஆட்களின் முகங்கள் கரிச்சட்டி அடியைப் போல இருக்க, பின்னால் போன ஓட்டோ மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது.

"அண்ணை, அடுத்த மாதம் ஒரு கலியாண வீட்டுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். இந்தப் பிளஸ்-மைனஸ் பொத்தானைப் பழகட்டுமா, நேரே மனுவலுக்குப் போகட்டுமா, இல்லை எல்லாவற்றையும் றோவில் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சரிசெய்யட்டுமா?"

மனுவல் என்றால் எல்லா அளவையும் நாமே வைப்பது. றோ என்றால் கமரா பதப்படுத்தாமல் அப்படியே பதியும் கோப்பு. மூன்றையும் பழகு என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஒன்றையும் பழக மாட்டான். இருப்பது ஒரு மாதம். தாலி கட்டுவதைத் திரும்பவும் கட்டச் சொல்லிப் படம் எடுக்கவும் முடியாது. எதிலிருந்து தொடங்குவது, எதை எங்கே விடுவது என்று அன்று அவனோடு இருந்து பேசியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த வேட்டியின் கதை. கமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு வேட்டி என்றால் என்னவென்று தெரியாது. பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியை மட்டும் அது அளக்கிறது. எதிரே இருப்பது ஏறத்தாழ 18 வீத ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளை வேட்டி சட்டகத்தை நிறைத்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று எண்ணிக் குறைக்கும். கரிப்பானை நிறைத்தால் வெளிச்சம் போதாது என்று கூட்டும். வேட்டியும் சாம்பல், பானையும் சாம்பல். சட்டகத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கும் அளவீடு 1983 இல் நிக்கோன் எஃப்.ஏ. கமராவோடு வந்தது, இன்றைய கமராக்கள் முகத்தைக்கூடத் தேடிப் பிடிக்கின்றன. என்றாலும் ஊகம் ஊகந்தான்.

யாழ்ப்பாணம் இந்த ஊகத்தை அடிக்கடி ஏமாற்றும் ஊர். மலை இல்லை, உயர்ந்த காடு இல்லை. பனைகள் இருக்கின்றன, ஆனால் அவை வானத்தை மறைப்பதில்லை, கோடு போடுகின்றன. எங்கே நின்று கமராவைத் தூக்கினாலும் சட்டகத்தில் பாதி வானம். கோடையில் அந்த வானம் நீலமாகவும் இராது. சலவைக்குப் போட்ட துணி போல வெளுத்திருக்கும். கீழே மணல், பக்கத்தில் கடனீரேரியின் தகதகப்பு. இத்தனை வெளிச்சத்தையும் கண்டு கமரா ஒளியைக் குறைத்துக்கொள்ள, நடுவில் நிற்கும் ஆள் கறுத்துப்போகிறார்.

எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன் என்பது அந்த ஊகத்தின் மேல் நாம் போடும் திருத்தம். கமரா போட்ட கணக்கை வைத்துக்கொண்டு, "இன்னும் இவ்வளவு கூட்டு" அல்லது "இவ்வளவு குறை" என்கிறோம். பிளஸ் 1 என்றால் ஒளி இரண்டு மடங்கு, பிளஸ் 2 என்றால் நான்கு மடங்கு, மைனஸ் 1 என்றால் பாதி. இப்படி ஒளி இரண்டு மடங்காவதை அல்லது பாதியாவதை ஒரு ஸ்டொப் என்பார்கள். அதைப் பொதுவாக மூன்று படிகளாகப் பிரித்திருப்பார்கள். நிக்கோன் கமராக்களில் பெரும்பாலும் ஷட்டர் பொத்தானுக்கு அருகே பிளஸ்-மைனஸ் அடையாளமிட்ட பொத்தானை அழுத்தியபடி சில்லை உருட்ட வேண்டும். கெனனின் பெரிய மொடல்களில் பின்பக்கச் சில்லே போதும். பியூஜிபில்ம் கமராக்கள் பலவற்றில் இதற்கென்றே எண் பொறித்த வட்டு மேலே இருக்கிறது. கைத்தொலைபேசித் திரையில் முகத்தைத் தொட்டதும் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுப்பதும் இதே வேலைதான். என் அம்மா வெளிநாட்டில் உள்ள பேரப்பிள்ளைகளுக்கு மாமரத்தைப் படம் எடுத்து அனுப்பும்போது பெயர் தெரியாமலே இதைச் செய்கிறார்.

குழம்புகிற இடம் ஒன்று உண்டு. வெள்ளை அதிகமாக இருக்கிறது, ஆகவே குறைக்க வேண்டும் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். அந்தக் குறைப்பைக் கமரா ஏற்கெனவே செய்துவிட்டது. நாம் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெள்ளைக்குப் பிளஸ், கறுப்புக்கு மைனஸ். மணற்காட்டு மணல்மேட்டில் பிளஸ் 1 முதல் 1.7 வரை. பொது நூலகத்தின் வெள்ளைக் கட்டடம் வெயிலில் நின்றால் ஏறத்தாழ பிளஸ் 1. அதற்கு மேல் போனால் சுவரின் விளிம்புகள் வானத்தில் கரைந்துவிடும். வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஆளின் முகத்துக்குப் பிளஸ் 1.3 முதல் 2. இரவுத் திருவிழாவில் இருட்டின் நடுவே மின்விளக்குச் சோடனைக்கு மைனஸ் 1. மாலை வானத்தின் முன்னே பனை நிழலுருவாக நிற்க வேண்டுமென்றால் மைனஸ் 0.7 முதல் 1. சூரியன் சட்டகத்துக்குள் இருந்தால் கமரா தானாகவே குறைத்துவிடும், நாமும் சேர்ந்து குறைக்கத் தேவையில்லை. இவை தொடக்க எண்கள். எடுத்த படத்தின் ஹிஸ்டோகிராம் (இருட்டு இடமாகவும் வெளிச்சம் வலமாகவும் ஒளியின் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது சுவரில் போய் ஒட்டிக்கொண்டால், அல்லது வெளுத்த இடங்கள் திரையில் சிமிட்டினால், ஒரு படி இறக்க வேண்டும்.

கண்ணாடி இல்லாத புதிய கமராக்களில் இந்தக் கூட்டல் கழித்தலை எடுக்கும் முன்பே கண்ணில் காணலாம். தம்பியுடையது பழைய டி.எஸ்.எல்.ஆர். அதில் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தில் தெரிவது காட்சியும் ஒரு சிறு அளவுகோலும் மட்டுந்தான். எடுத்த பிறகே தெரியும். ஆகவே அவனுக்கு எண்கள் கைப்பழக்கமாக வேண்டும்.

இந்தப் பொத்தானுக்கும் குறைகள் உண்டு. அப்பச்சரை (லென்ஸின் திறப்பை) நாம் வைத்து மிச்சத்தைக் கமராவிடம் விடும் முறையில் பிளஸ் கொடுத்தால் ஷட்டர் வேகம் குறையும், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம் நீளும். வீட்டுக்குள்ளே 1/60 நொடியில் இருந்தது பிளஸ் 2 இல் 1/15 ஆகிவிடும். முகம் வெளிச்சமாகும், ஆனால் ஆள் அசைந்து கலங்கிப்போவார். ஐ.எஸ்.ஓ.வை (ஒளியை உணரும் திறனுக்கான எண்ணை) கூட்டிக்கொள்ள வேண்டும், இல்லையேல் அதைத் தானியங்கியில் விட வேண்டும். உச்சி வெயிலில் எஃப் 1.8 லென்ஸை (எஃப் எண் சிறிதானால் திறப்புப் பெரிது) முழுவதும் திறந்து வைத்தாலோ வேறு சிக்கல்: ஐ.எஸ்.ஓ. 100 இல் 1/8000 அளவு வேகம் தேவைப்படும். கமராவின் உச்ச வேகம் 1/4000 என்றால் மைனஸ் 3 வரை உருட்டினாலும் படம் மாறாது. பொத்தான் பழுது என்று எண்ணிக் கடைக்குக் கொண்டு ஓட வேண்டாம். அப்பச்சரை மூடினால் சரி.

எல்லாவற்றிலும் மோசமான குறை நம்முடைய மறதி. கசூரினா கடற்கரை மணலுக்காக ஒருமுறை பிளஸ் 1.7 வைத்தேன். பல கமராக்களில் அணைத்தாலும் இந்த எண் அழிவதில்லை. என்னுடையதும் அந்த இனம். அடுத்த நாள் விசயதசமி. உறவுக்காரப் பிள்ளைக்கு ஏடு தொடக்கியதை நாற்பது படம் எடுத்தேன். பிள்ளையின் முகம், தட்டில் பரப்பிய அரிசி, குருக்களின் சால்வை எல்லாம் ஒன்றாக வெளுத்துக் கிடந்தன. அந்தப் பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பு; அவளின் தாயார் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

மனுவலுக்கு வருவோம். பலர் இதை ஒரு கௌரவப் பிரச்சினையாக்கி வைத்திருக்கிறார்கள். மனுவலில் எடுப்பவர்தான் படப்பிடிப்பாளர், மற்றவர்கள் பொத்தான் அமுக்குகிறவர்கள் என்ற பேச்சை ஸ்ரூடியோ வாசல்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. நான் கேட்பது ஒரே கேள்வி: மாறிக்கொண்டிருப்பது ஒளியா, எதிரே உள்ளவற்றின் நிறமா?

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகில் ஒளி மாறிக்கொண்டே இருக்கும். மேகம் வெயிலை மறைக்கும், விடும். படகு திரும்பும்போது நிழல் இடம் மாறும். ஆனால் காட்சியின் தன்மை ஒன்றே: வெளுத்த கடலின் முன்னே ஆட்கள். அங்கே பிளஸ் 1 ஐ வைத்துவிட்டு விட்டுவிடலாம். மேகத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும். கடலை நாம் பார்த்துக்கொண்டோம். மனுவலில் நின்றால் ஒவ்வொரு மேகத்துக்கும் சில்லை உருட்ட வேண்டும். நாகபூசணி அம்மன் கோயில் கோபுரம் தண்ணீருக்கு மேலே எழும்பி வரும் நேரத்தில் நாம் எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம்.

நல்லூர்த் தேர் இதற்கு நேர்மாறு. 25 நாள் திருவிழாவில் 24 ஆம் நாள் தேர். காலை வெயில் ஏறிவிட்டால் வெளிவீதி முழுவதும் ஒரே சூரியன், ஒரே ஒளி. ஆனால் கமரா திரும்பும் பக்கமெல்லாம் நிறம் மாறும். ஒரு படத்தில் வெள்ளை வேட்டிக் கூட்டம். அடுத்ததில் வடத்தை இழுக்கும் தோள்கள், வியர்வையில் மின்னும் கறுத்த முதுகுகள். பிறகு சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட மதில். பிறகு வெளுத்த வானத்தின் முன்னே கோபுரம். கொம்பன்சேஷனில் நின்றால் பிளஸ் 1, மைனஸ் 0.7, பூச்சியம், பிளஸ் 1.3 என்று விரல் ஓயாது. இரண்டு படத்துக்கு ஒன்று பிழையாகும். எல்லோர் மேலும் விழுவது அதே வெயில்தானே? மனுவலில் அந்த வெயிலுக்கு ஓர் அளவை வைத்தால் வேட்டி வேட்டியாகவும் முதுகு முதுகாகவும் விழும். வெயில் ஏற ஏற, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

அந்த அளவைக் கண்டுபிடிக்கவும் பெரிய வித்தை தேவையில்லை. பிலிம் காலத்து விதி ஒன்று இன்றும் செல்லும்: தெளிந்த வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ.வின் தலைகீழ். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் எஃப் 16 இல் ஏறத்தாழ 1/125. அதையே எஃப் 8 க்குக் கொண்டுவந்தால் 1/500. காலை வெயில் இளம் வெயில் என்பதால் ஒரு ஸ்டொப் கூட்டிக்கொள்ளலாம். இன்னொரு வழி உள்ளங்கை. வெயிலில் கையை விரித்து, உள்ளங்கை சட்டகத்தை நிறைக்க அளந்து, ஒரு ஸ்டொப் கூட்டுங்கள். புறங்கையின் நிறம் ஆளுக்கு ஆள் மாறினாலும் உள்ளங்கையில் அவ்வளவு வேறுபாடு இருப்பதில்லை. நடுச்சாம்பல் அட்டை வாங்கக் காசில்லாத காலத்தில் நான் கற்றது இது. அட்டை வாங்கிய பிறகும் அது பைக்குள்ளேயே கிடக்கிறது.

மாரி காலத்தில் மண்டைதீவுப் பக்கம் வரும் பூநாரைகளுக்கும் இதே நியாயம். கண்டல் பச்சையின் முன்னே பறக்கும் பறவை நொடியில் வானத்துக்கு ஏறிவிடும். பின்னணி மாற மாறக் கமரா மனம் மாறும், பறவை மட்டும் அதே வெயிலில்தான் இருக்கும். மனுவல். வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டிக்கு எது என்று கேட்டான். அங்கே சட்டகம் முழுவதும் எப்போதும் வானந்தான், மேகமும் ஓடும். பிளஸ் 1 இல் வைத்துவிட்டுப் பட்டத்தைப் பார்க்கலாம்.

ஸ்பொட் அளவீட்டில் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளந்து, அந்த அளவைப் பூட்டிவிட்டு, சட்டகத்தை மாற்றி எடுக்கிறார்கள். அரங்கேற்ற மேடையில் இருட்டின் நடுவே ஒளி வட்டத்துக்குள் ஆடும் பிள்ளையின் முகத்துக்கு இது பொருந்தும். ஆனால் அந்தப் புள்ளி தலையில் சூடிய மல்லிகையில் விழுந்தால் ஒரு முடிவு, கூந்தலில் விழுந்தால் வேறு முடிவு. ஆடுகிறவர் நமக்காக நிற்கப் போவதில்லை. கை நிதானமானவர்களுக்கு நல்ல ஆயுதம். ஒரு மாதத்தில் கலியாண வீட்டுக்குப் போகிறவனுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

ஒரே காட்சியைக் குறைத்து, அளவாக, கூட்டி என்று மூன்றாக எடுக்கும் பிரேக்கெட்டிங் அசையாதவற்றுக்கானது. போர்த்துக்கேயர் கட்டியதை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருப்பித்த நம் கோட்டையின் வாசல் வளைவுக்குள் நின்று பாருங்கள்: உள்ளே கல் இருட்டு, வெளியே கண் கூசும் வெயில். இரண்டையும் ஒரே படத்தில் காண்பிக்க எந்த ஒரு தனி அளவாலும் முடியாது. முக்காலியில் வைத்து மூன்று எடுத்துச் சேர்த்தால் அழகு. ஆலாத்தி எடுக்கும் இரண்டு பெண்களை இப்படி மூன்றாக எடுத்தால் தட்டுகள் ஆறாகும்.

றோவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும். இப்போதுள்ள பிள்ளைகள் அதை ஒரு பரிகாரமாகவே நினைக்கிறார்கள். பாவத்தைச் செய்துவிட்டு இரவில் கணினிக்கு முன்னால் இருந்து கழுவிக்கொள்ளலாம் என்று. ஓரளவு உண்மைதான். கமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் றோவில் 16,384. ஒரு ஸ்டொப் இருண்ட படத்தைத் தூக்கினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று ஸ்டொப் தூக்கினால் நிழல்களில் புள்ளிகள் மொய்க்கும், பழைய கமராவில் இன்னும் அதிகமாக. மறுபக்கம் இன்னும் மோசம்: எரிந்து முழு வெள்ளையான இடத்தில் எந்தத் தகவலும் இல்லை. ஜேபெக் வெளுத்த இடத்தில் றோ சிறிதளவு மிச்சம் வைத்திருக்கும், அவ்வளவுதான். பட்டு வேட்டியின் சரிகைக் கரை எரிந்துபோனால் அதைத் திரும்ப நெய்து தர எந்த மென்பொருளாலும் முடியாது. மென்பொருள் வரைந்து தருவது வேறு யாருடையவோ சரிகை. நேரக் கணக்கும் இருக்கிறது. கலியாண வீட்டில் எண்ணூறு படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் செலவழித்தால் பதின்மூன்று மணித்தியாலம். களத்தில் ஓர் உருட்டலில் முடியும் வேலை. ஆகவே றோவைத் திட்டமாக வைக்காதே, காப்புறுதியாக வை என்றேன். றோவும் ஜேபெக்கும் சேர்த்தே பதியட்டும். கார்டு ஒன்று கூடுதலாக வாங்கினால் போதும்.

இடையில் ஒரு விடயம். "பெண்பிள்ளையை வெள்ளையாகக் காட்டச் சொல்வார்களே, அதற்கும் பிளஸ்தானே?" என்று கேட்டான். கேட்பார்கள், என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். பிளஸ்ஸைக் கூட்டினால் தோல் வெளுக்கும், கூடவே கண்ணின் ஆழமும் மூக்குத்தியின் மினுக்கமும் கூறையின் சிவப்பும் போகும். நம் பொது நிறம் நடுச்சாம்பலுக்கு அருகில்தான் இருக்கிறது. முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தால் பெரும்பாலும் பூச்சியத்திலேயே சரியாக விழும், நல்ல கறுப்பு நிறம் என்றால் மைனஸ் 0.3 அல்லது 0.7. பிள்ளையின் நிறத்தைத் திருத்த யாரும் நமக்குக் கூலி தருவதில்லை என்றேன். அவன் சிரித்தான். மணப்பெண்ணின் பெரியம்மாவிடம் இதைச் சொல்ல அவனுக்குத் துணிவு வருமா என்பது வேறு கதை.

எந்தப் பொத்தானும் உதவாத நேரமும் உண்டு. இவ்வூரில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கண் குழிகளில் கறுப்பு, நெற்றியில் வெள்ளை. பிளஸ் கொடுத்தால் நெற்றி எரியும், மைனஸ் கொடுத்தால் கண் காணாமல் போகும். கொம்பன்சேஷன் முழுப் படத்தையும் ஒன்றாகத் தூக்கும் அல்லது இறக்கும். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்காது. மாமர நிழலுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது பிளாஷைக் கொஞ்சமாகப் போடுங்கள். பிளாஷுக்குத் தனியாக ஒரு பிளஸ்-மைனஸ் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். கெனனில் சாதாரணக் கொம்பன்சேஷன் சூழல் ஒளியை மட்டும் மாற்றும். நிக்கோனில் வழக்கமான அமைப்பில் பிளாஷையும் சேர்த்து மாற்றும். கமரா மாறும்போது படம் ஏன் மாறியது என்று தலையைச் சொறிகிறவர்கள் இங்கேதான் தடுக்குகிறார்கள்.

கலியாண வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தோம். மாப்பிள்ளை வந்து இறங்குவது, தோழன் கால் கழுவுவது, ஆலாத்தி: வெயில், பந்தல், வாசல் இருட்டு என்று ஒளி அடிக்கடி மாறும். அப்பச்சரைத் தான் வைத்து, ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டு, வாசலுக்கு வெளியே வெயில் பின்னால் இருந்தால் பிளஸ் 1.3, பந்தலுக்குள் வந்ததும் பூச்சியம் அல்லது பிளஸ் 0.3. மணவறை அப்படி அல்ல. மின்விளக்குகள் ஏற்றியபடியே இருக்கும். ஆனால் மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டும் பெண்ணின் கருஞ்சிவப்புக் கூறையும் மாறி மாறிச் சட்டகத்தை நிறைக்கும். அங்கே மனுவல். எஃப் 4, 1/100, ஐ.எஸ்.ஓ. 1600 இல் தொடங்கி, குருக்கள் அக்கினி வளர்க்கும் நேரத்தில் இரண்டு மூன்று படம் எடுத்துச் சரிபார்க்கலாம். 1/100 க்குக் காரணம் இருக்கிறது: நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், தரம் குறைந்த எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். வேகத்தைக் கமராவிடம் விட்டால் அது 1/320, 1/400 என்று ஓடி, ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது மங்கலாகவும் விழலாம்.

ஆகவே என் முடிவு: முதல் மூன்று கிழமையும் கொம்பன்சேஷன் மட்டும். வெள்ளையைக் கண்டால் பிளஸ், கறுப்பைக் கண்டால் மைனஸ் என்பது யோசிக்காமல் விரலுக்கு வர வேண்டும். அது வந்தவனுக்கு மனுவல் ஒரே நாளில் புரியும். ஒளிமானி எங்கே பொய் சொல்கிறது என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும். நேரே மனுவலுக்குப் போகிறவர்களில் பலர் அளவுகோலின் ஊசியை நடுவில் நிறுத்துவதையே மனுவல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஊசி நடுவில் நின்றால் விழுவது கமரா தானாக எடுத்திருக்கக்கூடிய அதே சாம்பல் வேட்டிதான், கூடுதல் உழைப்போடு. கடைசிக் கிழமை மணவறைக்கான மனுவலைப் பழகட்டும். ஸ்பொட்டும் பிரேக்கெட்டும் பிறகு.

கொடியில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கிணற்றடிக் கரிப்பானையை வைத்து, ஒன்றை மட்டும் சட்டகம் நிறைய எடு, பிறகு மற்றதை எடு என்று விட்டேன். முதல் வேட்டி சாம்பல். பிளஸ் 1 இல் துவைத்த வேட்டி. பிளஸ் 2 இல் மடிப்புகள் மறைந்து திரை சிமிட்டியது; இரண்டு படி இறக்கி 1.3 இல் நிறுத்தினான். பானைக்கு மைனஸ் 1.7 வரை போக வேண்டியிருந்தது. எண்களைக் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். படலை சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் நினைவு வந்தது: மைனஸ் 1.7 ஐப் பூச்சியத்துக்குத் திருப்பாமலே போய்விட்டான்.